பெட்டியின் பின்பக்கம்

“…அது கிடக்கட்டும் தம்பி, நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு. பெட்டிக்குப் பின்னால காத்து வரணுமா, வரக்கூடாதா?”

பெரியவர் என் காதோடு வாயை வைத்துக் கேட்டார். சத்தமாகப் பேச வழியில்லை. ஆறடி தள்ளி அவருடைய மருமகள் கேமரா முன்னால் உட்கார்ந்து, கடல் தாண்டி இருக்கும் ஆறு பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள். நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்குச் சாயங்காலம். திரையில் ஆறு பிள்ளைகளின் முகத்தோடு ஏழாவதாக ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. அதற்குள் முகம் காட்டாமல் கம்பெனியின் மேற்பார்வையாளர் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நாலு வகுப்பு நடுவில் அறுந்துபோனது. இன்றைக்கும் அறுந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

திரையின் மூலையில் மெஷினின் சூட்டைக் காட்டும் சின்ன எண் ஒன்றை நான் வைத்திருந்தேன். வகுப்பு ஆரம்பிக்கும்போது அறுபத்து மூன்று. இப்போது எண்பத்தெட்டு. நூறைத் தொட்டால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று அணைந்துவிடும். வகுப்பு முடிய இன்னும் இருபத்து மூன்று நிமிஷம் இருந்தது.

அன்று காலை அவர் பக்கத்து நாற்காலிக்கு நான் வந்து சேர்ந்த கதை மூன்று வாரக் கதை. அதைச் சொன்னால்தான் பெரியவர் கேட்ட கேள்வியின் கனம் தெரியும்.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை. யாரிடமும் போய்ப் படித்தவன் இல்லை. முதலில் வாங்கிய மெஷினைக் கழற்றி, மாட்டத் தெரியாமல் முழித்து, இரண்டு திருகாணி மிச்சமாகி, அப்படியே கற்றுக்கொண்டது. என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலைச் சீட்டில் ‘பழுது’ என்ற இடத்தில் நான் என் பாஷையில் எழுதமாட்டேன். வந்தவர் வாயால் என்ன சொன்னாரோ அதையே எழுதிக்கொள்வேன். ஆலங்குளத்து உரக்கடைக்காரர் ஒருவர் “சினை மாடு மாதிரி படுத்துட்டு, எழுப்பினா மொறைக்கி” என்றார். பண்பொழியிலிருந்து வந்த டீச்சர், “நல்லாத்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு மலையேறிட்டு” என்றார். சிரிப்பதற்காக மட்டும் எழுதுவதில்லை. படுத்துவிட்டது என்றால் உறைந்து நிற்கிறது என்று அர்த்தம். மலையேறிவிட்டது என்றால் கரண்ட் பக்கம் பார்க்கவேண்டும். பாதி நோயை ஜனங்களே சொல்லிவிடுவார்கள், நமக்குக் காது இருந்தால் போதும். இப்படித்தான் நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவரும் மருமகளும் குற்றாலத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மருமகள் மெஷினைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ எல்லைப் பக்கம். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

“அண்ணே, வகுப்பு எடுத்துக்கிட்டே இருக்கும்போது திரை முழுக்க நீலமாயிருது. சோகமா ஒரு மூஞ்சி போட்டு என்னமோ இங்கிலீசுல எழுதுது. வாசிக்கறதுக்குள்ள மறுபடி முதல்ல இருந்து வருது” என்றாள் அவள்.

“நான் சொல்லுதேன் கேளும்” என்று பெரியவர் குறுக்கே வந்தார். “ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்த களவாணிப்பய முழிப்பாம்லா? அந்த முழி முழிக்கு. என்னமோ ஒண்ண மறைக்கி. ரெண்டு தட்டு தட்டினா உண்மையச் சொல்லிரும்.”

“மாமா, நீங்க தட்டித்தான் பழைய டிவி போச்சு.”

“அது வயசாகிப் போச்சு, ஏட்டி. எம்மேல கேஸ் எழுதாத.”

‘களவாணி முழி முழிக்கு’ என்று சீட்டில் எழுதிக்கொண்டேன்.

நீலத் திரை என்றால் மெஷின் சாகும்போது ஒரு வாக்குமூலம் எழுதி வைத்துவிட்டுத்தான் சாகும். கடைசி நொடியில் யார் கையில் வேலை இருந்தது என்று ஒரு சின்னக் கோப்பு உள்ளே கிடக்கும். அதைத் திறந்து பார்த்தேன். நாலு நீலத்துக்கும் நாலு கோப்பு. நாலிலும் ஒரே பெயர், திரையில் படத்தை வரைந்து காட்டுகிற கிராபிக்ஸ் டிரைவர். மெஷினின் பாகத்துக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் ஆள்தான் டிரைவர். அந்த ஆள் உளறினால் இரண்டு பக்கமும் குழம்பிப்போகும்.

“புதுசா ஏதாவது ஏத்தினீயளாம்மா?”

கொஞ்சம் யோசித்தாள். “டிரைவர் எல்லாத்தையும் புதுப்பிச்சுத் தரேன்னு ஒண்ணு வந்துச்சுண்ணே. இலவசம்னு போட்டிருந்துது. சரின்னுட்டேன்.”

“பாத்தீரா, உள்ள விட்டதே நம்ம ஆளு” என்றார் பெரியவர், ரொம்பத் திருப்தியாக.

அந்த இலவசத்தையும் அது போட்ட டிரைவரையும் வேரோடு எடுத்தேன். அந்த மதர்போர்டைச் செய்தவர்களே கொடுக்கும் டிரைவரைத் தேடிப் போட்டேன். கேமராவை ஓடவிட்டு, கூடவே ஒரு படத்தையும் ஓடவிட்டு, ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். நீலம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் நானே குற்றாலத்துக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். சீசன் நல்ல உச்சம். தூறல் என்றும் சொல்லமுடியாது, நின்றது என்றும் சொல்லமுடியாது. அவர்கள் வீட்டுக்குள்ளேயே நாலு கயிறு கட்டி, கயிறு நிறைய ஈரத் துணி. குனிந்து குனிந்துதான் உள்ளே போனேன். ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, மேசைக்கு அடியில் தரையில் மெஷின். முதுகைச் சுவரோடு ஒட்ட வைத்திருந்தார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் மெஷினைத் தூக்கி வைத்தேன். அந்தக் காலத்து ஜன்னல், மேல் கதவு இரண்டு, கீழ் கதவு இரண்டு. சாரல் அடிக்காமல் மேல் கதவைச் சாத்திவிட்டு, கீழ் கதவை மட்டும் திறந்து, மெஷினின் முதுகை ஜன்னல் கம்பிக்கு நேராகத் திருப்பினேன்.

“சூட்டுக் காத்து வெளிய போயிரும், மெஷின் நல்லா மூச்சு விடும்” என்றேன். யாரும் கேட்காமல் நானாகச் செய்த உபகாரம். பெரியவர் கம்பிக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தார். “எப்பா, நல்லா கதகதன்னு வருதே” என்றார்.

டீ குடிக்கும்போது அவர் அருவிக் கதை சொன்னார். முட்டு மடங்காது, பண்பொழி மலைப் படியேறி அஞ்சு வருஷம் ஆகிறது, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டும் அஞ்சு வருஷம். ஆனால் சீசன் வந்துவிட்டால் விடியுமுன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அருவிக்குப் போய்விடுவார். “தண்ணி முட்டுல விழுந்தாத்தான் அன்னிக்கு நான் மனுசன். அங்கன நிக்கவன் எல்லாரிட்டயும் சொல்லிருக்கேன், எம்மருமக அமெரிக்காப் பிள்ளேளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கான்னு.”

“அது அமெரிக்கா மட்டும் இல்ல மாமா.”

“எதுவோ ஒரு வெளிநாடு.”

நான்கு நாள் கழித்து போன் வந்தது. அவள் குரல் சரியில்லை. “அண்ணே, வகுப்புல பாதியில போயிட்டு. பிள்ளையள்லாம் காத்திருந்துருக்கு. கம்பெனியில எழுதிட்டாங்க.”

பின்னாலிருந்து பெரியவர் போனை வாங்கினார். “இப்ப முழிக்கலவே. பட்டுனு கழுத்த நெரிச்ச மாதிரி போகுது. ஒரு சத்தம் கிடையாது.”

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். சொல் மாறியிருந்தது. போன தடவை களவாணி முழி, இந்தத் தடவை கழுத்தை நெரித்த மாதிரி. இரண்டும் ஒரே நோய் இல்லை என்று அந்த மனிதர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். சீட்டில் எழுதவும் செய்தேன். எழுதினேனே தவிர கேட்கவில்லை. பழைய டிரைவர் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, மறுபடி துடைத்து, மறுபடி ஏற்றி, இரண்டு நாளை வீணாக்கினேன்.

மறுபடி போனது. அப்புறம்தான் மெஷின் எழுதும் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தேன். வாக்குமூலக் கோப்பு ஒன்றுமே இல்லை. ‘சரியாக அணைக்காமல் நின்றுவிட்டது’ என்று ஒரு வரி மட்டும். அப்படி என்றால் எழுதக்கூட நேரமில்லாமல் செத்திருக்கிறது. கோளாறு டிரைவரில் இல்லை, மெஷினின் பாகத்தில்.

மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, ரப்பர் போட்டுத் தேய்த்து, பரிசோதனை ஓடவிட்டேன். குற்றம் இல்லை. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மாற்றி, என் கையிலிருந்த நல்லது ஒன்றைப் போட்டேன். பிராசசர் தலையில், சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுப் பசை வைத்தேன். ஃபேனைத் துடைத்தேன். முழு பாரத்தையும் ஏற்றி இரண்டு நாள் ஓட்டினேன். சூடு அறுபத்திரண்டைத் தாண்டவில்லை. ‘சூடு இல்லை’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். அந்த இரண்டு கோட்டை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

குற்றாலத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். அங்கேயும் மத்தியானம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அறுபத்து நாலு. மறுநாள் காலையில் போய்விட்டது.

“நின்ன நேரமெல்லாம் குறிச்சு வச்சிருக்கீயளா?” என்று கேட்டேன். நோட்டைக் காட்டினாள். கணக்கு டீச்சர் இல்லையா, கோடு போட்டு எழுதியிருந்தாள். ஏழு இருபது. ஏழு முப்பத்தைந்து. ஏழு இருபத்தெட்டு. எல்லாம் காலை. சாயங்காலம் அவள் பாடம் தயார் பண்ணும்போது ஒரு தடவைகூட நின்றதில்லை.

காலை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜ்களில் எல்லா அறையிலும் ஒரே சமயத்தில் ஹீட்டர் போடுவார்கள். வோல்டேஜ் இறங்கும். அதுதான் என்றேன்.

“அருவியில குளிக்கத்தானவே வாரானுவ? அப்புறம் அவனுவளுக்கு எதுக்கு வெந்நி?” என்று பெரியவருக்கு லாட்ஜ்காரர்கள்மேல் கோபம் வந்துவிட்டது. யூ.பி.எஸ் பேட்டரியை மாற்றினேன், ஸ்டெபிலைசர் ஒன்று கொண்டுவந்து வைத்தேன். அன்றைக்குக் கிளம்பும்போது கயிற்றுத் துணியில் என் தலை இடித்தது. “இந்தச் சாரல்ல துணி எப்பத்தான் காயுமோ” என்றேன் சும்மா.

“எல்லாம் காயாது. என் துண்டு மட்டும் ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்” என்றார் பெரியவர்.

“அதெப்படி அண்ணாச்சி?”

“அது டிப்பார்ட்மெண்ட் ரகசியம்” என்று கண்ணடித்தார். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். குத்துக்கல்வலசை தாண்டும்வரை அந்தச் சொல்லை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

அடுத்த காலையும் நின்றது. அதுதான் நாலாவது. அன்று மத்தியானம் கம்பெனியின் கடிதம் வந்தது. வேறு மெஷினில் எடுக்கலாமா என்று கேட்டுப் பார்த்தாள். இந்த மெஷின்தான் பதிவாகியிருக்கிறது, மாற்ற ஒரு வாரம் ஆகும், அடுத்த வகுப்பு நாலு நாளில் என்றார்கள்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அண்ணே, வீட்டுல இருந்தபடி எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான்” என்று மட்டும் சொன்னாள்.

இனிமேல் கடையில் வைத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, நோய் வரும் நேரத்தில், வரும் இடத்தில் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. அந்த நாலு நாளும் மெஷினுக்கு ஓய்வு. கம்பெனியும் வகுப்பை நிறுத்தி வைத்திருந்தது. வகுப்பு வைத்த அந்தக் காலையில் ஆறரைக்கே அங்கே இருந்தேன். எதையும் தொடவில்லை, நகர்த்தவில்லை. இருக்கிற நிலைமையைக் கலைத்தால் குற்றமும் கலைந்துவிடும் என்று ஒரு பயம். சூட்டு எண்ணை மட்டும் திரை மூலையில் வைத்தேன், அதுவும் எதற்கும் இருக்கட்டுமே என்றுதான். நான் கண் வைத்திருந்தது வோல்டேஜ் மீட்டர்மேல்.

பெரியவர் அருவிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். எண்ணெய் வாசனையும் ஈர முடியுமாக, திருநீறு பூசிக்கொண்டு என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மேசைக்கு இடப்பக்கம், அறை மூலையில் நாங்கள். கதவு அவளுக்குப் பின்னால். எழுந்து வெளியே போனால் கேமராவில் விழுவோம் என்பதால், முடியும்வரை அசையக்கூடாது என்று பேசிவைத்திருந்தோம்.

“குட் மார்னிங்” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்து “குட் ஈவ்னிங்” என்றாள். பிள்ளைகள் சிரித்தன. கறுப்புக் கட்டம் சிரிக்கவில்லை.

பத்து நிமிஷம் நன்றாகப் போனது. ஸ்டெபிலைசர் முள் ஆடாமல் நின்றது. ஒரு ரொட்டியை நாலாக வெட்டி, மூன்றை எடுத்தால் எவ்வளவு என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தற்செயலாக மூலை எண்ணைப் பார்த்தேன். எழுபத்தைந்து. கடையில் இரண்டு நாள் கசக்கிப் பிழிந்தும் அறுபத்திரண்டைத் தாண்டாத மெஷின். பதினைந்தாவது நிமிஷம் எண்பத்திரண்டு. ஃபேன் இரைய ஆரம்பித்தது. அவளும் கேட்டாள். வாய் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. கண் ஒரு தடவை என் பக்கம் வந்துவிட்டுப் போனது.

“என்ன ஆச்சு?” என்றார் பெரியவர் மூச்சுக்குள்.

“சூடு ஏறுது அண்ணாச்சி. ஏன்னு தெரியல. புதுப் பசை, மாத்தின எஸ்.எம்.பி.எஸ், ஃபேனும் சுத்துது. சூட்டுக் காத்து பின்னால போகணும். போகலியோன்னு சந்தேகமா இருக்கு.”

அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. அது கிடக்கட்டும் தம்பி, பெட்டிக்குப் பின்னால காத்து வரணுமா, வரக்கூடாதா?

“வரணும்” என்றேன். “அது வழியாத்தான் மெஷின் மூச்சே விடுது. அத அடைச்சா…” கழுத்தை நெரித்த மாதிரி என்ற அவருடைய வார்த்தையே என் வாயில் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“என் துண்டு அங்கனதாம்வே காயுது.”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை.

“வெளிய சந்துல நின்னு, கம்பிக்குள்ள விட்டு, பெட்டி முதுகுல ஒட்டுனாப்புல போட்டுருவேன். கதகதன்னு வரும்லா. டர்க்கித் துண்டு. கனமா இருக்கும். நீரு வாரதுக்குள்ள காஞ்சிரும், எடுத்துருவேன். நீரு திருப்பி வச்ச நாள்ல இருந்து…”

நான் திருப்பி வைத்த ஜன்னல். நான் காட்டிக் கொடுத்த கதகதப்பு. மத்தியானம் வந்து மத்தியானம் பார்த்த நான். அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை. தொண்ணூற்று மூன்று. கதவு வழியாகப் போய் வீட்டைச் சுற்றிச் சந்துக்கு வரமுடியாது, கேமரா இருக்கிறது. மேசைக்கு அடியில் நுழைந்து, அவள் காலைத் தாண்டி, முக்காலிக்குப் பின்னால் கையை விட்டால்தான் ஆகும். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

பெரியவர் என் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார்த்தினார். இருபத்தெட்டு வருஷம் ஸ்டேஷனில் இருந்த கை. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்து, மடங்காத முட்டை மடக்கினார். அது மடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். மருமகளின் காலடியில் மாமனார் தவழ்ந்து போவதை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அவள் குனிந்து பார்க்கவில்லை. “நாலுல மூணு, சரி, அதுல பாதி எவ்வளவு?” என்று திரையைப் பார்த்து இங்கிலீசில் கேட்டபடியே, இரண்டு காலையும் மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றாறு.

முக்காலிக்குப் பின்னால் கையை விட்டார். கம்பியில் மாட்டிக்கொண்ட துண்டு வரவில்லை. இன்னொரு கையையும் விட்டு, முகத்தைச் சுவரில் அழுத்தி, ஒரே இழுப்பு. ஈரத் துண்டு மொத்தமாக உள்ளே வந்து அவர் மடியில் விழுந்தது.

எண் அசையவில்லை. பிறகு தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றொன்று. எண்பத்து நாலு. ஃபேன் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வெளியே வரச்சொல்லிக் கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மேசைக்கு அடியிலேயே, காலை நீட்ட இடமில்லாமல், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். ஒரு கையில் துண்டைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பெட்டிக்குப் பின்னால் விட்டு, காற்று வருகிறதா என்று உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கையசைத்து, கடைசியாக அந்தக் கறுப்புக் கட்டமும் “தேங்க்யூ” என்று சொல்லி அணைந்து, அவள் கேமராவை மூடும்வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை.